கடலோர வெந்நீரூற்றுகள்

நிலமகள் தன் வயிற்றகத்தே மறைத்து வைத்துள்ள விந்தைகள் பல. அவற்றுள் ஒன்று வெந்நீரூற்று. விருத்தாசலத்தில் பீங்கான் சுடும் சூளைக்கு நெருப்பு வேண்டும். அந்நெருப்புக்கு எரிபொருள் வேண்டும். ஆனால், மூட்டுவாரும் இன்றி, விறகும் இன்றி, இரவும் பகலும் வெந்நீர் சுரக்கும் இடங்கள் உலகிற் சில உள. அவற்றுட் சில கடற்கரையை அடுத்திருக்கின்றன. அவற்றின் நீரை நாவில் இட்டால், ஓரிடத்து நீர் நன்னீராய் இருக்கும். மற்றோரிடத்து நீர் உப்புக் கரிக்கும். இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஈழநாட்டின் கீழ்க்கரையில் உள்ளது திருகோணமலை. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் அங்குக் கடலை நோக்கிய குன்றின்மீது விளங்குகின்றது. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் கன்னியா என்னும் ஊரில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அமைந்துள்ளன. அவை அருகருகே இருப்பினும், ஒன்றன் வெப்பம் போல் மற்றொன்றன் வெப்பம் இராது. அவை ஆழமற்ற சிறு கிணறுகளே. மக்கள் வாளியால் நீரை மொண்டு தலையில் வார்த்துக்கொள்வர். இராவணன் தன் அன்னைக்கு இறுதிக்கடன் ஆற்றும்பொருட்டு வாளால் நிலத்தைக் குத்த, அவ்விடங்களில் நீர் பொங்கிற்று என்பது வழிவழி வரும் கதை. இன்றும் மறைந்தோர்க்குரிய கடன்களைச் செய்வோர் அவ்விடத்தை நாடுகின்றனர்.

இலங்கையில் எரிமலை இல்லை. அங்ஙனமாயின், கன்னியா நீருக்கு வெப்பம் யாங்ஙனம் வந்தது? நிலத்தினுள் ஆழச் செல்லச் செல்ல வெப்பம் மிகும். ஆழம் 1 கிலோமீட்டர் கூடுந்தோறும் வெப்பமும் ஏறத்தாழ 25 முதல் 30 செல்சியஸ் பாகை வரை கூடும். நிலத்திற் பெய்த மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்லக் கீழிறங்குகின்றது. ஆழத்தில் வெப்பம் ஏற்கின்றது. வெடிப்பு வாய்த்தவிடத்து மேலே எழுகின்றது. ஆதலின், கன்னியா நீர் நீண்ட பயணம் செய்து மீண்ட மழைநீரே எனலாம்.

இனி உவர்நீர் ஊற்று ஒன்றைக் காண்போம். தைவான் நாட்டுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலில் பசுந்தீவு என்னும் சிறு தீவு உளது. பண்டை எரிமலையால் உருவானது அது. அதனைச் சூழப் பவளப்பாறைகள் உள்ளன. நம் நெய்தல் நிலத்துத் தாழை அக்கரையிலும் உப்புக்காற்றைத் தாங்கி வளர்கின்றது. அத்தீவின் தென்கிழக்குக் கரையில், அலைகள் வந்து மோதும் இடத்திலேயே, சாவோரி என்னும் வெந்நீரூற்று அமைந்துள்ளது. ஊற்றுவாயில் அதன் வெப்பம் 50 பாகைக்கு மேற்படும். அதன் நீர் கரிக்கும். கடல்நீரே பாறை இடுக்குகளின் வழியே இறங்கி, எரிமலைப் பாறைகளின் சூட்டை ஏற்று, கனம் குறைந்து மேலெழுதலே அதற்குக் காரணம். இத்தகைய ஊற்றுகள் உலகில் மிக அரியன.

இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. கடல் கரையோடு நின்றுவிடுவதன்று. நிலத்தின் அடியிலும் அது புகவல்லது. அங்ஙனமாயின், கடலோர ஊர்களின் கிணறுகள் எல்லாம் ஏன் உவர்க்கவில்லை? நிலத்தடியில் தேங்கிய மழைநீர் கடலைத் தடுத்து நிற்பதே காரணமாம். கடல்நீர் கனம் மிக்கது. 39 குடம் கடல்நீரின் எடை ஏறத்தாழ 40 குடம் நன்னீரின் எடைக்கு ஒப்பாகும். எனவே, மணற்பாங்கான கரையில், நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 மீட்டர் வரை உவர்நீர் நெருங்காது. மேலே அந்த 1 மீட்டரை இழப்போமாயின், கீழே 40 மீட்டரை இழந்தவராவோம்.

இஃது ஏட்டளவில் நின்ற கணக்கன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் வயல்களுக்கும் நகருக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தனர். 1960களின் இறுதியிலேயே கடல்நீர் அங்கு உட்புகுந்தமை அறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் தொலைவு பரவிற்று. தலைமுறை தலைமுறையாக நன்னீர் தந்த கிணறுகள் உவர்த்தன. எந்த வெப்பமும் இன்றியே அங்கு ஓர் உவர்நீர் ஊற்றை மனிதனே உண்டாக்கிக்கொண்டான்! பசுந்தீவின் உவர்நீர் இயற்கையின் கொடை. மீஞ்சூரின் உவர்நீரோ பேராசையின் விளைவு.

இழந்ததை மீட்டல் எளிதன்று. எனினும், எஞ்சியதைக் காத்தல் கூடும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று ஆணை பிறந்தது. கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் செலுத்தும் அச்சிறு குழாய், கடலைத் தடுக்கும் அணைக்கு ஒப்பாகும். ஏரியைத் தூர்வாருதலும், ஆற்றுமணலைக் காத்தலும், வேண்டுமளவே நீர் இறைத்தலும் அத்தகையனவே.

மாணவர்களே! கன்னியாவின் நீர் நன்னீராய் இருப்பதற்கு மண்ணுள் இறங்கிய மழையே காரணம் என்பதனை மறவாதீர்கள். உங்கள் பள்ளியின் கூரையில் விழும் மழை எங்கே செல்கின்றது என்பதனை இன்றே சென்று காணுங்கள். அது வீணே தெருவில் ஓடுமாயின், மண்ணுக்குள் இறங்க வழி செய்யுங்கள். நாளை உங்கள் ஊர்க் கிணற்றின் சுவையை முடிவு செய்வது அதுவே.