இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?

கேள்வி: தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் தினமும் உல்லன் பின்னுகிறேன். "யாருக்கு? ஏதாவது விசேஷமா?" என்று முன்பின் தெரியாதவர்கள் துளைக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: வயிற்றைப் பார்த்துக்கொண்டேதானே கேட்கிறார்கள்! எனக்கும் நடந்தது. "மாமாவுக்குக் குல்லா" என்றேன். பேச்சு அதோடு நின்றது. பதில் சின்னதாக, கண் ஊசியிலேயே இருக்கட்டும். விடாதவர்களிடம், "இருங்கக்கா, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என வாய்விட்டே எண்ணுங்கள். பொய்யில்லை, ஒரு கண்ணி நழுவினால் வரிசை வரிசையாகக் கீழே இறங்கிவிடும். சிக்கலான டிசைன் வீட்டில் இருக்கட்டும். ரயிலுக்கு மஃப்ளர் போதும். (பொது இடத்தில் பின்னுவதற்கென்றே 2005 முதல் ஜூனில் ஒரு உலக தினம் கொண்டாடுகிறார்கள். நம் ரயிலுக்கு அது தினமும்தான்!)

"விலைக்குத் தருவியா?" என்பவர்களிடம் நூல் விலையோடு எத்தனை நாள் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"எங்க பாட்டியும் போடுவாங்க" என்று யாராவது நெருங்கி உட்கார்ந்தால் மட்டும் ஊசியை மடியில் வையுங்கள். அப்படி வந்த ஒரு அம்மாதான், கிண்டி வருவதற்குள், ஏணிப்படி மாதிரி பிரிந்து கிடந்த நூலைக் குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்து மேலேற்றிக் காட்டினார்.