பயிர் பூக்குங் காலமும் விதைக்கும் பட்டமும்

குடுமியான்மலையைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் மானாவாரியாகத் துவரை பயிரிடுவோர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. ஆடி மாதத்தில் விதைத்த நெடுங்காலத் துவரை ஆளுயரம் வளர்ந்து, பல கிளைகளை விட்டு, அதன் பின்னரே பூக்கின்றது. அவ்விதையையே புரட்டாசிக் கடைசியில் விதைப்பின், செடி இடுப்பளவு எழுமுன்னரே பூக்கத் தொடங்குகின்றது. விதைப்பில் இருந்த இரண்டு மாத இடைவெளி பூக்குங் காலத்தில் பெரிதும் குறைந்துவிடுகின்றது. கிளை குறைவாதலின் காயும் குறைகின்றது. இதற்கு மண்ணின் குற்றமோ விதையின் குற்றமோ காரணமன்று. பயிர் தன் காலத்தை அறியும் முறையே காரணமாகும்.

இரவின் நீளத்தை அறிதல்

புதுக்கோட்டைச் சீமையில் ஆனி மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 43 நிமிஷம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11 மணி 31 நிமிஷம். ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட இவ்வித்தியாசம் மனிதனுக்கு அற்பமாய்த் தோன்றினும், பயிருக்கு அது போதுமான அறிவிப்பாகும். பகற்பொழுதின் நீளம் பூப்பதை நடத்துகின்றது என்பதை 1920-ம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான கார்னர், அல்லார்டு என்போர் புகையிலை, சோயா மொச்சை முதலியவற்றைக் கொண்டு விளக்கினர். 1938-ல் ஹாம்னர், பானர் என்போர் நம் தரிசுகளிலும் காணப்படும் மருளூமத்தையைச் சோதித்து, பயிர் உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தையே என்று காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அச்செடி பூக்கவில்லை.

நெடுங்காலத் துவரையும், பழைய சம்பா நெல் வகைகளில் பலவும் இவ்விதம் இரவு நீளும் பருவத்தை எதிர்நோக்கிப் பூப்பவை. குறுவையில் நடப்படும் குறுகிய கால நெல் வகைகளோ பகலின் அளவைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல், தம் வயது நிரம்பியவுடன் கதிர் வாங்குகின்றன. ஆகையால் சம்பா விதையைக் குறுவைப் பட்டத்தில் நடுவது, கதிரின்றி நெடுநாள் நீர் பாய்ச்சும் வீண் செலவாக முடியும்.

இலை அனுப்பும் தூது

இருளை அளப்பது இலை, பூப்பதோ குருத்து. ஆகவே இலையினின்று குருத்துக்கு ஏதோ ஒரு பொருள் செல்லவேண்டும் என்று சோவியத் ஆராய்ச்சியாளரான சைலாகியான் 1937-ல் கூறி, அதற்கு ‘புளோரிஜென்’ என்று பெயரிட்டார். எழுபது ஆண்டுகள் சென்ற பின், 2007-ல், நெல்லில் அப்பொருள் இலையில் உண்டாகிக் குருத்தை அடையும் ஒரு புரதம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். இத்தூது சென்றபின் குருத்து இலைகளை விடுத்து மொட்டுக்களை உண்டாக்குகின்றது. செடி சிறிதாயிருப்பினும் தூது நிற்பதில்லை. பட்டம் தவறியவன் இழப்பது இங்கேதான்.

பூ உதிர்தல்

பூத்தபின் நேரும் நஷ்டம் வேறு வகையது. பூவினின்று காம்பின் வழியே ‘ஆக்ஸின்’ என்னும் ஹார்மோன் இடைவிடாது இறங்கிக்கொண்டிருக்கும் வரை காம்பு உறுதியாய் நிற்கும். வறட்சியாலோ கடும் வெப்பத்தாலோ ஆக்ஸின் குறைந்து, ‘எதிலீன்’ என்னும் வாயு மிகுமாயின், காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு நெகிழ்ந்து பூ உதிர்ந்துவிடும்.

இதற்குப் பரிகாரமாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பயறு வகைகளுக்கு நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தை லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் வீதம், பூக்கத் தொடங்குமுன் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கச் சொல்லுகின்றனர். கடையில் கிடைக்கும் மருந்து 4.5 சதவீதம் உள்ளதாயின், 10 லிட்டர் நீருக்கு 9 மில்லிலிட்டர் போதும். மிகுதியாய்த் தெளித்தால் மிகுந்த பலன் உண்டாகுமென்று கருதலாகாது. களைக்கொல்லியான 2,4-டி என்பதும் ஆக்ஸினின் செய்கையை உடையதே. அளவு மிஞ்சியே அது களையைக் கொல்லுகின்றது. களைக்கொல்லி தெளித்த கருவியைப் பயறுக்கு உபயோகிப்பின், சிறிது மிச்சமும் இலையைச் சுருட்டிப் பயிரைக் கெடுக்கும். அதற்கெனத் தனிக் கருவி வைத்துக்கொள்வதே நலம்.

இம்மருந்து உண்டான பூவைக் காப்பதேயன்றி, பட்டம் தவறிச் சிறுத்த செடிக்குக் கிளைகளைத் தருவதன்று. மண்ணில் ஈரமே இல்லாதவிடத்தும் அதனால் பயன் சிறிதே.

செய்யத்தக்கன

நெடுங்காலத் துவரையை ஆடிப் பட்டத்தில் விதைத்தல் வேண்டும். மழை பிந்தினால் அவ்விதையையே பிடித்துக்கொண்டிராமல், ஏறக்குறைய 100 நாளில் விளையும் வகைக்கு மாறுதல் உத்தமம். செடி சிறுக்குமென்று தெரிந்தே பிந்தி விதைக்க நேரின், இடைவெளியைக் குறைத்து நெருங்க விதைத்தால் நஷ்டம் ஓரளவு குறையும். வகை, விதை பற்றிய யோசனையை வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்திலும், 2014-ல் குடுமியான்மலையில் ஏற்பட்ட வேளாண்மைக் கல்லூரியிலும் கேட்டறியலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. சாலையோர விளக்கின் ஒளி இரவு முழுதும் விழும் சம்பா வயலில், அவ்வொளி படும் பகுதி மட்டும் பச்சையாய் நின்று கதிர் பிந்துவதைக் காணலாம். பயிர்க்காரன் உரத்தையோ விதையையோ நொந்துகொள்ளுவான், குறை விளக்கிலிருக்கும். விளக்கிற்கு மறைப்பிட்டு ஒளியைச் சாலைமேல் மட்டும் விழச் செய்தால் வழிப்போக்கர்க்கும் குறைவில்லை. பயிருக்கும் இரவு கிடைக்கும்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று முன்னோர் கூறியது வெறும் வழக்கமன்று. மழையோடு இரவின் நீளத்தையும் பயிர் கணக்கிடுகின்றது. அக்கணக்கிற்கு இசைய விதைப்பவனுக்கே மருந்தும் உரமும் முழுப்பலன் தரும்.