கொரிய விமானம் 007: உளவா, வழி தவறியதா?

1983 செப்டம்பர் 1. சகலின் தீவை ஒட்டிய வானில் கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானத்தைச் சோவியத் சுகோய்-15 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோலுக்குப் போன அந்த போயிங் 747-இல் இருந்த 269 பேரும் இறந்தார்கள்.

நம்பிக்கை: அமெரிக்காவுக்காக உளவு பார்க்கத்தான் வேண்டுமென்றே எல்லை தாண்டியது.

உண்மை: மாஸ்கோ சொன்ன இந்தக் கதைக்கு ஒரு கால் உண்டு. அன்றிரவு கம்சட்கா பக்கம் ஆர்சி-135 என்ற அமெரிக்க உளவு விமானம் நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ராடார் திரையில் சோவியத்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். இன்னொரு கால்தான் இல்லை. கறுப்புப் பெட்டிப் பதிவின்படி, ஆங்கரேஜில் கிளம்பிய சில நிமிடங்களிலிருந்து கடைசிவரை விமானம் 245 டிகிரி என்ற ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆட்டோபைலட்டின் திருகு 'ஹெட்டிங்' நிலையில் இருந்தால் அப்படித்தான் போகும். 'ஐஎன்எஸ்' (வழிகாட்டிக் கருவி) நிலைக்குத் திருப்பினால்தான் குறித்த தடத்தில் செல்லும். அதுவும் தடத்திலிருந்து 7.5 கடல் மைலுக்குள் விமானம் இருந்தாக வேண்டும். அலாஸ்காவின் பெத்தெல் ஊரைத் தாண்டும்போதே விலகல் சுமார் 12 கடல் மைல். யாரும் கவனிக்கவில்லை. காக்பிட் ஒலிப்பதிவில் விமானிகள் ஏர்போர்ட்டில் டாலர் மாற்றுவதைப் பற்றி அரட்டையடிக்கிறார்கள். உளவுக்குப் போகிறவர்கள் பேச்சா இது?

நம்பிக்கை: எச்சரித்தும் அடங்காமல் தப்பிக்கப் பார்த்தது.

உண்மை: எச்சரிக்கையாகச் சுட்ட குண்டுகள் இருட்டில் ஒளிவிடாத வகை. சுட்ட சோவியத் விமானி ஒசிபோவிச்சே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். அதே நேரத்தில் டோக்கியோவிடம் முறைப்படி அனுமதி வாங்கி 007 மேலே, 35,000 அடிக்கு ஏறியது. ஏறும்போது வேகம் குறைய, துரத்தியவர் முன்னால் போய்விட்டார். அதைத் தந்திரம் என்று சோவியத்காரர்கள் எண்ணிவிட்டார்கள்.

பயணிகள் சோவியத் சிறையில் உயிரோடு இருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதற்குச் சான்றே இல்லை.

இதில் சதி என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு. கறுப்புப் பெட்டிகளை அந்த ஆண்டே கடலடியிலிருந்து எடுத்துவிட்ட சோவியத் அரசு, வாய் திறக்காமல், தேடுவதுபோல் பாவனை செய்தது. 1992-இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ரகசியக் கோப்புகளைத் திறந்தார். ஒலிநாடாக்கள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கைக்கு வந்தது 1993-இல்தான்.