பழைய கம்ப்யூட்டரும் அமானிதமும்

சேலம் ஜவுளிக் கடைகளிலும் நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. 2020 ஜனவரி 14-க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அதற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் தருவதில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, 445 என்ற போர்ட் வாசல் வழியாகத்தான் பரவியது. நம் டிரஸ்ட் கம்ப்யூட்டரில் உதவித்தொகை கேட்டவர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. அவை அமானிதம்.

கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். பிறகு அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், இன்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், போர்ட், டிசிபி, 445, பிளாக் என்று போய் அந்த வாசலை அடையுங்கள். நாங்கள் அடைத்த பின் பக்கத்து மேசையிலிருந்து பிரிண்ட் போகவில்லை; சங்கடம்தான், பொறுத்துக்கொண்டோம். பென்டிரைவில் வரும் வைரஸை ஃபயர்வால் தடுக்காது. ஆகவே ஆவணங்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வைத்திருக்கிறோம். செய்யத் தெரியாதோர் அஸர் தொழுகைக்குப் பின் ஆபீஸுக்கு வரலாம்.