வெயில் பாத்தியில் ஆண்டு முழுதும் வண்ணம்

புதிதாக வீடு கட்டுவோர் சுற்றுச்சுவரை ஒட்டிய மண்ணைப் பெரும்பாலும் கடைசியாகவே கவனிக்கின்றனர். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். நர்சரிக்குச் சென்று, அன்று பூத்திருக்கும் செடிகளையெல்லாம் வாங்கி வந்து, இடைவெளியின்றி நட்டுவிடுகின்றனர். முதல் மாதம் தோட்டம் கண்ணைப் பறிக்கும். ஓராண்டுக்குள் பெரிய செடிகள் சிறியவற்றை மூடிவிடும். ஒருபருவச் செடிகள் விதை முற்றிக் காய்ந்துவிடும். மறுபடியும் செலவு தொடங்கும்.

இச்செலவைத் தவிர்க்கும் வழி, பல்லாண்டுச் செடிகளைக் கொண்டு திட்டமிட்டு அமைக்கும் பூம்பாத்தி. அதன் அடிப்படை விதி ஒன்றே: செடி இன்று இருக்கும் அளவைப் பார்க்காமல், மூன்றாம் ஆண்டில் அடையப்போகும் அளவைக் கருதி இடம் விட வேண்டும். நடும் நாளில் பாத்தி வெறுமையாகத் தோன்றினால், திட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

வெயிலை அளத்தல்

பூக்கும் செடிகள் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யலாகாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், சுவருக்கு வடபுறம் உள்ள பாத்தியில் நிழல் நீளும். டிசம்பர் இறுதியில், நண்பகலில், 5 அடி உயரச் சுவரின் நிழல் சென்னையில் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி. தில்லியில் ஆறடிக்கும் மேல். எனவே சுவருக்குத் தென்புறம் அமையும் பாத்தியே குளிர்காலத்திலும் வெயில் பெறும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் விழும் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் திருத்துதல்

சுவரோரத்து மண்ணில் சிமெண்டுத் துகளும் சுண்ணாம்பும் செங்கல் துண்டும் கலந்திருக்கும். இவை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அத்தகைய மண்ணில் வெட்சிச் செடிக்கு இரும்புச்சத்து கிட்டாது; நரம்புகள் பச்சையாக இருக்க, இலை மட்டும் வெளுத்து மஞ்சளாகும். உரம் வாங்குவதற்கு முன், ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழம் கிளறி இடிபாடுகளை அகற்றுவதே முதற்பணி. பிறகு இரண்டு அங்குல உயரத்துக்கு மட்கிய தொழு உரத்தைப் பரப்பிக் கலக்க வேண்டும். 100 சதுர அடிப் பாத்திக்கு இது ஏறத்தாழ 17 கன அடி.

தாளில் வரைதல்

நீளம் 20 அடி, அகலம் 5 அடி கொண்ட பாத்தியை எடுத்துக்கொள்வோம். கட்டமிட்ட தாளில் ஓர் அடிக்கு ஒரு கட்டம் என வரையுங்கள். சுவரை ஒட்டி உயர்ந்தவை, நடுவில் இடைத்தரமானவை, முன்னால் குட்டையானவை என மூன்று வரிசைகள் அமையும்.

வண்ண வரிசைக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஓவியப் பயிற்சி பெற்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932), தம் பூம்பாத்தியின் இரு முனைகளிலும் மென்மையான வண்ணங்களையும், நடுவில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகியவற்றையும் அமைத்தார். குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த லட்டியன்ஸ், இங்கிலாந்தில் இவருடன் இணைந்து பணியாற்றியவர். அவருடைய செடிகள் குளிர்நாட்டுக்குரியவை. அவருடைய வண்ண ஒழுங்கு நம் செடிகளுக்கும் பொருந்தும்.

பின்வரிசை: ஐந்தடிக்கு ஒன்றாக நான்கு செடிகள். இரு முனைகளிலும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் செம்பருத்தி. நடுவில் இரண்டு மயில்கொன்றை.

நடுவரிசை: இரண்டடிக்கு ஒன்றாகப் பத்துச் செடிகள். ஒரு முனையில் வெண்சாமந்தி மூன்று, நடுவில் மஞ்சளும் சிவப்புமாகக் கல்வாழை நான்கு, மறுமுனையில் இளஞ்சிவப்பு வெட்சி மூன்று.

முன்வரிசை: இரு முனைகளிலும் ஓரடிக்கு ஒன்றாக நித்தியகல்யாணி ஐந்தைந்து, நடுவில் உள்ள பத்தடியில், அரை அடிக்கு ஒன்றாக மஞ்சள் மழை லில்லிக் கிழங்குகள் இருபது.

இவ்வமைப்பில் நீரின் தேவையும் ஒத்துப்போகிறது. கல்வாழை ஈரத்தை விரும்புவது. நித்தியகல்யாணி நீர் தேங்கினால் அழுகிவிடும். நடுப்பகுதியைச் சற்றே தாழ்வாகவும் முனைகளை மேடாகவும் அமைத்தால் இரண்டும் செழிக்கும்.

தவணையில் வாங்குதல்

இருபத்து நான்கு செடிகளையும் கிழங்குகளையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. முதல் தவணையில் மண்ணைத் திருத்திப் பின்வரிசையை மட்டும் நடுங்கள். ஆறு மாதம் கழித்து நடுவரிசை, அதன்பின் முன்வரிசை. செம்பருத்தியைப் போத்து வைத்தும், மயில்கொன்றையை விதையிட்டும் வளர்க்கலாம். மயில்கொன்றை விதையின் மேலுறையைச் சற்று உரசி, ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் எளிதில் முளைக்கும். வெற்றிடங்களில் செண்டுமல்லி, காஸ்மாஸ் விதைகளைத் தூவினால், செலவு அதிகமின்றி அவ்விடம் சில மாதங்கள் பூத்து நிற்கும்.

கல்வாழையும் மழை லில்லியும் மண்ணுக்கடியில் பெருகுபவை. சாமந்தி பக்கக்கன்று விடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இவற்றைப் பிரித்து நடலாம். வைப்புத்தொகையின் வட்டி அசலோடு சேர்ந்து வளர்வது போல, முதலில் வாங்கிய சிலவே அடுத்த பாத்தியையும் நிரப்பும்.

நடுதலும் பராமரித்தலும்

மழைக்காலத் தொடக்கம் நடுவதற்கு ஏற்றது. வட மாநிலங்களில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நட்டால் குளிருக்கு முன் வேரூன்றிவிடும். வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் கனமழைக்குச் சில வாரங்கள் முன்னதாக நடுவது நன்று. நட்டபின் காய்ந்த இலைகளை இரண்டு அங்குல மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி இடவேண்டாம். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நீர் பாய்ச்சினால் வேர் கீழே இறங்கும்.

மயில்கொன்றை புதுக் கிளைகளில் பூப்பது. ஒரு பூப்பருவம் முடிந்ததும் கவாத்து செய்தால் ஆறடிக்குள் அடங்கும். சாமந்தியின் நுனியை இளமையில் கிள்ளிவிட்டால் கிளைகள் மிகும். இரவு நீளும் காலத்தில் மொட்டு வைக்கும் இயல்புடையதாதலால், இரவு முழுதும் தெருவிளக்கு அதன்மேல் விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும். விளக்கிலிருந்து விலகிய முனையை அதற்கு ஒதுக்குங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தென்பட்டவுடன் நீரை வேகமாகப் பீய்ச்சி அகற்றி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. சிறு குழந்தைகளோ கால்நடைகளோ உள்ள இடத்தில் அதைத் தவிர்ப்பது நலம். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்துகள் பெறப்படினும், அச்செடியும் உண்ணத் தகாததே.

பாத்திக்கு ஒரு கணக்கேடு

ஒரு சிறு குறிப்பேட்டில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் பூத்தவை எவை என்று குறித்து வாருங்கள். சாமந்தி குளிர்காலத்தில் நிறையும். மழை லில்லி மழையைத் தொடர்ந்து மலரும். செம்பருத்தியும் மயில்கொன்றையும் வெப்பமான மாதங்களில் மிகுதியாகப் பூக்கும். ஓராண்டு முடிவில் எந்த மாதத்துக்கு எதிரே இரண்டு பெயர்களுக்குக் குறைவாக இருக்கிறதோ, அம்மாதத்தில் பூக்கும் செடி ஒன்றைத் தேடுங்கள். அடுத்தமுறை நர்சரிக்குச் செல்லும்போது அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.