உயரமானியும் ஓர் இலக்கப் பிழையும்

கொடுங்கையூரில் மழை மேகம் கவிந்த இரவுகளில் விமானத்தின் ஓசை மட்டும் கேட்கும், விளக்கு தெரியாது. மேலே இருக்கும் விமானிக்கும் தரை தெரியாதல்லவா? தம் உயரத்தை அவர் எங்ஙனம் அறிகிறார்?

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. நம் ஆய்வுக்கூடப் பாரமானியைப் போல் காற்றழுத்தத்தையே அளக்கிறது. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 28 அடி ஏறிவிட்டதாகக் காட்டும். ஆனால் தரையிலுள்ள அழுத்தமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. சென்னையில் சனவரியில் சராசரியாக 1014 மில்லிபாரையொட்டி இருப்பது, சூனில் 1004 அளவுக்கு இறங்கிவிடும். புயல் வந்தாலோ கேட்கவே வேண்டாம்! ஆகவே அந்நேரத்து அழுத்தத்தை நிலையத்தார் வானொலியில் கூற, விமானி அதைத் திருப்பிச் சொல்லிக் கருவியில் அமைத்துக் கொள்கிறார்.

இதில் ஓர் இலக்கம் பிசகினால்? பத்து மில்லிபார் என்பது நம் ஃபோர்ட்டின் பாரமானியில் ஏழரை மில்லிமீட்டர் பாதரசந்தான். செய்முறைக் குறிப்பேட்டில் சிவப்பு மையோடு போய்விடும்.

2022 மே 23 அன்று பாரிசு சார்ல் தெ கோல் நிலையத்தில் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லப்பட்டது. விமானியும் 1011 என்றே திருப்பிச் சொன்னார். இருவர் சொல்லும் ஒத்துப்போனதால் பிழை புலப்படவில்லை. வானொலிக் கதிரால் இறக்கும் சாதனம் இருந்தால் அழுத்த எண் பிசகினாலும் பாதை பிசகாது. அன்று அது வேலையில் இல்லை. கருவி காட்டியதைவிட 280 அடி தாழ்வாக வந்த விமானம், ஓடுபாதையை எட்டுமுன்பே தரைக்கு 6 அடி வரை இறங்கிவிட்டது. மழையில் ஓடுபாதை தெரியாததால் விமானிகள் மேலே ஏறினர், அதனால் தப்பினர்.

மறுமுறையும் அதே தவறான எண்ணோடுதான் வந்தனர். இம்முறை ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்டதால் பாதையைத் திருத்திக்கொண்டு இறங்கினர்.