வாடகைக்கு இடம் தேடுமுன்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வடவள்ளிப் பக்கம் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் 12 குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் ஒரு வளமையம் தொடங்கப் போகிறீர்கள், திட்டமிடும் பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நீயே வீட்டில் படித்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது முடித்தவள். எது கிடைக்காமல் திண்டாடினாய் என்பது உனக்குத்தான் தெரியும். நூலகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்தில் பாதி, இடத்தைப் பற்றியே எழுதியிருக்கிறாய். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், சுவரெல்லாம் அலமாரி. ஆசை நியாயமானதுதான். ஆனால் குடும்பத்துக்கு மாதம் 500 ரூபாய் போட்டாலும் சேர்வது 6,000. அது வாடகைக்கும் மின்கட்டணத்துக்குமே போய்விடும். அலமாரியில் வைக்கப் பொருள் வாங்கக் காசு இருக்காது. கட்டடம் இல்லாமலும் நூலகம் நடத்தலாம். 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக மாற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய புகழ்பெற்ற ஐந்து நூலக விதிகள் புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. அந்த வண்டிக்குக் கட்டடம் இல்லை. எந்த ஊரில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்ற கணக்கு இருந்தால் போதும். நீங்களும் முதல் ஆண்டு அப்படியே நடத்துங்கள். பொருட்கள் 12 வீடுகளிலேயே இருக்கட்டும். மாதம் இருமுறை ஒரு கோயில் மண்டபத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலோ கூடி மாற்றிக்கொள்ளுங்கள். எது எவர் வீட்டில் இருக்கிறது என்ற பதிவேடு மட்டும் ஒரே இடத்தில், உன் கையில் இருக்க வேண்டும்.

பொருள் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசு. வாங்கி வைத்துத் தூசி படிந்து கிடப்பது எது என்று முதலில் கேள். அதுதான் உன் முதல் இருப்பு. பிறகு, வருடத்தில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் பொருள் எது என்று கேள். நுண்ணோக்கி, தொலைநோக்கி, பெரிய உலக உருண்டை, தச்சுக் கருவிகள், தையல் மிஷின் இவையெல்லாம் அந்த வகை. தினமும் வேண்டிய அகராதியும் வடிவியல் பெட்டியும் அவரவர் வீட்டிலேயே இருக்க வேண்டியவை. அவற்றை மையத்தில் வாங்கிப் பணத்தைக் கரைக்காதே.

ஊரில் ஏற்கெனவே இருப்பதையும் வாங்க வேண்டியதில்லை. மரங்களையும் காட்டு விலங்குகளையும் பற்றி அறிய 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் கோவையிலேயே இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் உங்களுடையதும்தான். அங்கே கிடைக்கும் புத்தகத்தை இன்னொரு பிரதி வாங்குவதைவிட, பிள்ளைகள் எல்லாரையும் அங்கே உறுப்பினராக்கு.

நுண்ணோக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 4, 10, 40 மடங்கு வில்லைகளும் 10 மடங்கு கண்ணருகு வில்லையும் கொண்ட மாணவர் நுண்ணோக்கி போதும். வெங்காயத் தோலும் குளத்து நீரும் பார்க்க 400 மடங்கு தாராளம். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லைக்குக் கூடுதல் காசு கொடுக்காதே. சிறு பிள்ளைகள் கையில் முதலில் கீறல் விழுவது அதில்தான். மழைக்காலத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும். ஒருமுறை நன்றாகப் பிடித்துவிட்டால் கண்ணாடியே கெடும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. யார் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டியோடுதான் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் மடக்குத்தாள் நுண்ணோக்கியையும் வாங்கு. விலை குறைவு என்பதால் பிள்ளைகள் பயப்படாமல் வயலுக்கும் வாய்க்காலுக்கும் எடுத்துப் போவார்கள். அரவிந்த் குப்தா குப்பையிலிருந்தே செய்து காட்டிய அறிவியல் பொம்மைகளையும் ஒரு மாலை சேர்ந்து செய்யுங்கள். அதற்கு இருப்புப் பதிவேடே வேண்டாம்.

சிறு துண்டுகள் நிறைந்த பெட்டிகள்தான் பெரிய தலைவலி. கணித வடிவங்கள், காந்தங்கள், மின்சுற்றுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் உள்ளே என்னென்ன, எத்தனை என்று எழுதி ஒட்டு. நிறைந்த பெட்டியின் எடையையும் அதிலேயே குறித்து வை. திரும்பி வரும்போது சமையலறைத் தராசில் வைத்தால், எண்ணாமலேயே குறை தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸில் 1935 முதல் பிள்ளைகளுக்குப் பொம்மைகளை நூலகம்போல இரவல் தருகிறார்கள். ஒழுங்காகத் திருப்பித் தரும் பிள்ளைக்கு ஒரு பொம்மையையே சொந்தமாகக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். எனக்கு அது மிகவும் பிடித்தது. அபராதத்தைவிட அதுதான் பிள்ளையைப் பொறுப்புள்ளவனாக்கும்.

அபராதம், முன்பணம் பற்றிக் கேட்டிருந்தாய். தொலைந்துவிடும் என்ற பயத்தில் பொருளைப் பூட்டி வைக்கிற நிலைமை வரவே கூடாது அம்மிணி. மத்திய அரசின் பொது நிதி விதிகளே, நூலகத்தில் ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் புத்தகத்துக்கு 5 புத்தகம் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அரசாங்கமே அந்தப் பெருந்தன்மையைக் காட்டும்போது நீங்கள் காட்டக் கூடாதா? ஆண்டுத் திட்டத்திலேயே இழப்புக்கு ஒரு தொகை ஒதுக்கிவிடு. ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பை மட்டும் தவறவிடாதே.

புத்தகங்களில் ஒரு பிடிவாதம் வேண்டும்: தமிழ். வீட்டுக்கல்விக்கென்று கடைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். அதை மட்டும் வாங்கினால், தமிழிலேயே யோசிக்கும் தாயும் பாட்டியும் பிள்ளையின் படிப்பிலிருந்து விலகிப் போவார்கள். துளிர் என்னும் சிறுவர் அறிவியல் இதழின் பழைய பிரதிகளைத் தேடிச் சேர். தேர்வு எழுதி முடித்தவர்களிடமிருந்து திறந்தநிலைப் பள்ளிப் பாடநூல்களையும் கேட்டு வாங்கி வை. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் உங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள் என்றாய். பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாமல்தான் பலர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஒலிப்புத்தகம், பெரிய எழுத்து, தொட்டுணரும் பொருட்கள் முதல் வரிசையில் வர வேண்டும். மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்காதே.

இப்போது நீ கவனமாக இருக்க வேண்டிய விஷயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. மீறுவோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. ஆனால் 18-ஆம் பிரிவு கடுமையானது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000. சம்பளத்துக்கு ஆசிரியர், வருகைப் பதிவு, பாடவேளை, வகுப்புக்குக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் உங்கள் மையம் பள்ளியாகவே தோற்றம் கொள்ளும். பெயர்ப்பலகையிலும் அந்தச் சொல் வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில் வந்து அழைத்துப்போகத் தொடங்கினால், வீட்டுக்கல்வி என்று நீங்கள் நம்பும் விஷயமே அங்கே முடிந்துவிடும். பெற்றோர் கூடவே இருக்கட்டும்.

கூடுமிடத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக, கதவடைத்து இருக்கக் கூடாது. உறவினரானாலும், எல்லாரும் மதிக்கும் தாத்தாவானாலும் இதே விதி. முதல் கூட்டத்திலேயே எழுதிப் படித்துக் காட்டி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டு.

பணம் கைமாறத் தொடங்கினால் சங்கமாகப் பதிவு செய்துவிடுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். உங்களிடம் ஆள் இருக்கிறது. பொதுப்பணம் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கிடக்கக் கூடாது.

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. வீட்டுக்கல்விக்கு நேரமும் வசதியும் உள்ள குடும்பங்கள் குறைவு. நீங்கள் கூடும் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களையும் உறுப்பினராக்கு, சந்தா கேட்காதே. உங்கள் நுண்ணோக்கி வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மாதான் இருக்கப் போகிறது. சில பெற்றோர் தயங்குவார்கள், பேசிப் பார். இதில் மட்டும் நீ விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

அடுத்த மாதம் 12 வீடுகளுக்கும் போய்வந்து, எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை எனக்கு அனுப்பு. பதிவேட்டுக்குக் கோடு போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா